மங்களம் பாடுற வரைக்கும்

சென்ற வாரம் ரங்கநாயகி ஒரு ஜவுளிக்கடைப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்றாள். மேல்படியில் அவளுடைய ஓரகத்தி வித்யாஸ்ரீ வழியை மறித்து நின்றாள். பெட்டிக்குள் என்ன என்று இருவரும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜெயக்கொடிக்கு யாரும் சொல்லவும் வேண்டாம். "அரக்குப் பட்டுப்பாவாடை. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு" என்று பெட்டியின் அகலத்தை வைத்தே கண்டுபிடித்து, விளக்கு வைப்பதற்குள் நாலு வீட்டில் சொல்லி முடித்துவிட்டாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை அந்த வீட்டில் ஒன்றுதான். வித்யாஸ்ரீயின் மகள் இந்துப்ரியா. பெரியம்மா ரங்கநாயகி அந்தப் பிள்ளைக்கு ஒரு முழம் ரிப்பன் வாங்கிக் கொடுத்துத் தெரு பார்த்ததில்லை. அந்தக் கை பட்டு வாங்கியிருக்கிறது என்றால் விஷயம் சின்னதாக இருக்குமா?

விஷயம் இதுதான். ரங்கநாயகியின் கணவர் ராஜகுரு பாடகர். அவருக்குப் பக்கவாத்தியம் தம்பி துளசிராமின் வயலின். துளசிராம்தான் வித்யாஸ்ரீயின் கணவர். அண்ணனும் தம்பியும் இந்த ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி செய்யப் போகிறார்கள். கேட்க வருகிறவர்கள் இந்துவைப் போன்ற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மாடியில் பள்ளிக்கூடம் நடத்துகிற ரூபினா டீச்சரின் ஏற்பாடு. டாக்டர்கள் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லத் தொடங்கி மதுரையில் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நம் தெரு வைத்திருந்த பெயர்களை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

இந்துவை ரூபினா டீச்சரிடம் வித்யாஸ்ரீ கூட்டிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். தெருவிடம் மட்டும் பல் டாக்டர் என்று சொல்லுவாள். பிள்ளை வாயில் இருப்பதைவிட அதிகமான பற்களுக்கு வைத்தியம் நடந்துவிட்டதே என்று ஜெயக்கொடிக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

பேப்பரில் போட்டோவோடு செய்தி வரும் என்று கேட்டபிறகுதான் ராஜகுரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார். போட்டோ என்ற பிறகுதான் ரங்கநாயகிக்குக் கொழுந்தன் மகள் ஒருத்தி வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் பேசுகிற பாஷை சௌராஷ்டிரம். கச்சேரி முடிவில் ராஜகுரு மங்களம் பாடுகிற ராகமும் சௌராஷ்டிரம். சண்டை மட்டும் சுத்தமான மதுரைத் தமிழ். தெருவில் பாதிப்பேருக்குச் சௌராஷ்டிரம் புரியாதே, அவர்களுக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே என்று ரங்கநாயகி காட்டுகிற பெருந்தன்மை அது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

காலையில் வழக்கம்போலப் பாட்டு வகுப்பு. இந்து கூடத்தில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர் மூடி ஒன்றைச் சுழற்றிவிட்டு, அது ஆடி அடங்குவதைத் தரையோடு கன்னம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் முதல் செருப்புச் சத்தம் கேட்டது. மூடியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். யாரும் சொல்லாமலே மாடியேறி அறைக்குள் போய், வாசற்படிக்கு உட்பக்கம் கால்விரல்களை வரிசையாக ஒட்டி வைத்து நின்றுகொண்டாள். வெளியாள் குரலோ செருப்போ கேட்டால் இப்போதெல்லாம் அவள் செய்வது அதுதான்.

ஆனாலும் ரங்கநாயகி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட மாட்டாள்.

"வித்யா! பிள்ளைக வந்துருச்சுக. மங்களம் பாடுற வரைக்கும் தாப்பாவைத் தொறந்தேன்னு வையி, இருக்கு ஒனக்கு!"

மூன்று வருஷமாக வகுப்புக்கு வகுப்பு இதே வாக்கியம். சரளி வரிசைக்கு முன்னால் வருகிற இதையும் பாடத்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்ட சிஷ்யப்பிள்ளைகள்கூட இருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்து வகுப்பின் நடுவில் வந்து சுருதிப்பெட்டியைக் கட்டிக்கொண்டாள். பிரித்தபோது வீறிட்டாள். ஒரு பெரிய டாக்டர் வீட்டுப் பெண் பயந்துபோய்ப் பாட்டையே விட்டுவிட்டது. அன்றைக்கு மாடியறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாப்பாள் வந்தது.

வித்யாஸ்ரீ மாடிக்குப் போய்த் தாப்பாளைப் போட்டுவிட்டு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்து மங்களம் பாடி ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே போனாள். கதவு திறந்த உடனே இந்து தடதடவென்று இறங்கி வந்து சுருதிப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ராஜகுரு சுவிட்சை அணைக்கிற வரை அந்த அதிர்வு கையில் இருக்கும். அன்றாடம் அவளுக்குக் கிடைக்கிற பாட்டு அவ்வளவுதான். அவர் அணைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு காய்வதற்குள் ஜவுளிக்கடைப் பெட்டி திறந்தது. ஜெயக்கொடி சொன்ன அதே அரக்கு.

"முன் வரிசையில நடு சேரு" என்றாள் ரங்கநாயகி. "பேப்பர்காரத் தம்பிகிட்ட நான் பேசி வச்சிருக்கேன். பாடுறவரு வீட்டுலயே இப்பிடி ஒரு பிள்ளை இருக்கு, அதுக்காகத்தான் இந்தத் தொண்டுன்னு போடுவாக."

"யாரு செய்யிற தொண்டுக்கா?"

"ஒங்க மச்சான் செய்யிற தொண்டு."

"நாங்க பின்னாடி வாசப்பக்கமா உக்காந்துக்கிறோம். ரூபினா டீச்சர் எடம் போட்டு வச்சிருக்காங்க. பட்டெல்லாம் அவளுக்கு ஆகாது. ஜரிகை குத்தும். பிச்சு எறிஞ்சிருவா."

"குத்துனா அழுகும். அழுகுற பிள்ளையைப் பாத்தா நாலு பேரு பாவப்படுவாக. நல்லதுதானே?"

"பாவப்படவா கூட்டிட்டுப் போறேன்?"

"பின்ன? அரங்கேத்தத்துக்கா?"

வித்யாஸ்ரீ ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள், நாலு பேர் இருக்கிற இடத்தில், இந்து எல்லாப் பிள்ளையையும் போல உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். ஒருத்தரும் அவளைத் திரும்பி வேடிக்கை பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் வாசல் ஓரத்து இடம்.

"எங்க பிள்ளை எங்க உக்காரணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"பண்ணிக்க. தாராளமாப் பண்ணிக்க." ரங்கநாயகி பாவாடையை மறுபடி மடித்தாள். குரலில் தேன் சொட்டியது. "மேலூர்ப் பக்கம் ஒரு பையன் வயலின் பிரமாதமா வாசிக்கிறானாம். எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டு வந்து ஒரே புகழ்ச்சி. தம்பிக்கும் வயசாகுது, பாவம். அடுத்த மாசத்துல இருந்து தம்பி வேற யாரு பக்கத்துலயாவது உக்காந்து வாசிக்கட்டும். யாரு கூப்புடுறாகன்னு பாப்போம்."

யாரும் கூப்பிட மாட்டார்கள். துளசிராம் வாசித்த கச்சேரி எல்லாம் அண்ணன் கச்சேரி. அது தெருவுக்கே தெரியும்.

அந்தத் துளசிராம் அடுத்த அறையில்தான் இருந்தார். வயலின் வில்லுக்கு ரோசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. காதும் நல்ல காதுதான். சுருதியில் மயிரிழை விலகினால் முகம் சுளிக்கிற காது.

"என்னங்க, கேக்குதா?" என்றாள் வித்யாஸ்ரீ.

"ம்."

"ம்னா?"

"சுருதி பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த நிமிஷம் வித்யாஸ்ரீக்கு ஓரகத்தியின் மேல் இருந்த கோபத்தைவிடக் கட்டியவர் மேல் இருந்த கோபம் ஒரு படி மேலே ஏறி நின்றது. வயலின் பெட்டியை எடுத்து வைகையில் வீசலாமா என்றுகூட நினைத்தாள். வைகையில் தண்ணீர் இல்லை. வீசினாலும் மணலில்தான் கிடக்கும், யாராவது எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள்.

பாவாடையை வாங்கிக்கொண்டாள். உள்ளே பழைய பருத்திப் பாவாடையைப் போட்டு அதன் மேல் பட்டைக் கட்டினாள். இந்து இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிடுங்கி எறியவில்லை. அம்மா அழுதுகொண்டே கட்டிவிட்டதால் குழம்பிப்போயிருக்கலாம்.

மண்டபத்தில் ராஜகுருவுக்கு முதல் அதிர்ச்சி, மேடை இல்லை.

"தரையிலயா?" என்றார்.

"பிள்ளைங்க பக்கத்துல வரணும் சார். தொட்டுப் பாக்கணும்" என்றாள் ரூபினா டீச்சர். ஜமுக்காளம் விரித்திருந்தது. பாதி விளக்கை அணைத்து, மைக்கை அடக்கி வைத்திருந்தாள். பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடாமல் இருக்க வாசல் கதவுக்கு உள்ளே தாப்பாள் போட்டிருந்தது.

ரங்கநாயகி கையோடு கொண்டுவந்த பட்டு மெத்தையைக் கணவருக்குக் கீழே செருகினாள். மற்றவர்களைவிட நாலு விரல் உயரம் வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

ரூபினா சட்டதிட்டங்களைச் சொன்னாள். கை தட்டக் கூடாது. பிடித்திருந்தால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டலாம். யாரும் எழுந்து நடக்கலாம், படுக்கலாம், சத்தம் போடலாம். போட்டோவில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கக் கூடாது. எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் வித்வான்கள் அதை வாசிக்க வேண்டும்.

"சினிமாப் பாட்டு கேட்டா?" என்றார் ராஜகுரு.

"பாடுங்க சார்."

"ஒண்ணும் கேக்கலைன்னா?"

"சும்மா இருங்க சார்."

மிருதங்கம் கண்ணுச்சாமியிடம், சத்தம் குறைய மிருதங்கத்தின் மேல் ஒரு துண்டு போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"முக்காடா? எம்மிருதங்கத்துக்கா?" என்றார் கண்ணுச்சாமி. "சீமந்தமும் பண்ணிரலாம் டீச்சர்."

பிள்ளையோடு வராதவர்களுக்கு அன்று அனுமதி இல்லை. அதனால் ஜெயக்கொடி அடுத்த தெருவில் ஒரு பிள்ளையை இரவல் வாங்கிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அவளை யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் நடு நாற்காலியில் இந்து. அவளுக்கு ஒரு பக்கம் பெரியம்மா, மறு பக்கம் அம்மா. அம்மாவுக்கு அடுத்து சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சிவனாண்டி. அவருடைய தாடி முளைத்த மகன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். சிவனாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"டிபன் போடுவாகளாம்மா? போடுவாகன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாக."

"தெரியலைங்க."

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

"இங்கதான். பாடுறவங்க வீடு."

"அப்பிடிப் போடுங்க! குடுத்து வச்ச பிள்ளைல்ல? பொழுதன்னைக்கும் பாட்டாக் கேக்கும்."

"கேக்கும்" என்றாள் வித்யாஸ்ரீ. எங்கே இருந்து கேட்கும் என்று சொல்லவில்லை.

ராஜகுரு கச்சேரியின் முதல் பாட்டாக வர்ணத்தை எடுத்தார். நன்றாகத்தான் பாடினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு சிறுமி நேராகப் போய் துளசிராமின் வயலினுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு வில் போய்வருவதை அண்ணாந்து பார்த்தது. இன்னொன்று ராஜகுருவின் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தது. அவர் சிரித்த சிரிப்பு, பல் வலிக்காரன் சிரிப்பு.

பாதி வர்ணத்தில் ரங்கநாயகி கண்ணைக் காட்டினாள். பேப்பர்காரர் உமர் பாரூக் கேமராவோடு முன்னால் வந்தார். ராஜகுரு பாட்டை நிறுத்தி மைக்கைப் பிடித்தார்.

"இவ என் தம்பி மக. எங்க வீட்டுச் செல்லம். இவ மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கேன். வாடா இந்து. பெரியப்பாகிட்ட என்ன பாட்டு வேணும்னு கேளு."

"அவளைத் தொடாதீங்கக்கா" என்று வித்யாஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதற்குள் ரங்கநாயகி பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்திவிட்டாள். மண்டபம் முழுக்க இந்துவைப் பார்த்தது. இந்து சுருதிப்பெட்டியைப் பார்த்தாள். கையை நீட்டி, அதன் மேல் வைக்கப்போனாள்.

பளீர் என்று வெளிச்சம் அடித்தது.

"வெளிச்சம் வேணாம்னு சொன்னேன்ல!" என்று ரூபினா கத்தினாள்.

"அந்தம்மாதான் இருட்டுல முகம் விழாது, போட்டு எடுங்கன்னாங்க" என்று உமர் பாரூக் ரங்கநாயகியைக் காட்டினார்.

இந்து காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். சுற்றிலும் வெளியாட்கள். ஓடிப்போய் நிற்க மாடியறை இல்லை. இடுப்பில் ஜரிகை. அவள் வாயைத் திறந்தாள். மைக் முன்னாலேயே இருந்தது.

"மங்களம் பாடுற வரைக்கும் தாப்பாவைத் தொறந்தேன்னு வையி, இருக்கு ஒனக்கு!"

குரல்தான் பிள்ளையுடையது. அந்த ஏற்றம், 'வையி'யில் விழுகிற அழுத்தம், 'இருக்கு ஒனக்கு'வில் வருகிற மிரட்டல் எல்லாம் அப்படியே ரங்கநாயகி. ஒரு கமகம் பிசகவில்லை.

மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள்.

"ஆத்தாடி!" என்று மூன்றாவது வரிசையில் ஜெயக்கொடி மார்பில் கை வைத்தாள். "இது நம்ம ரெங்கா கொரலுல்ல!"

"டிவியில எதையாச்சும் கேட்டுருக்கும்" என்றாள் ரங்கநாயகி. முகத்தில் பவுடர் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ரூபினாவுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் பிள்ளை கேட்டதில் ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது. "மங்களம் கேக்குறா. பாடுங்க சார்."

"மங்களமா? இன்னும் வர்ணமே முடியலையே!" ராஜகுரு மெத்தையில் நிமிர்ந்தார். "மங்களம் பாடிட்டா கச்சேரி முடிஞ்சுதும்மா. அதுக்கு மேல ஒரு ஸ்வரம் பாடக் கூடாது. எடுத்த எடுப்புல மங்களமா? அபசகுனம்!"

"கேக்குறதைப் பாடுறதாத்தானே பேச்சு?"

"என்ன கேக்குறோம்னு அதுக்கே தெரியாது!"

அப்போதுதான் வயலின் கேட்டது.

துளசிராம் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மங்களத்தை எடுத்தார். மெதுவாக, மாடிக்கு எட்டுகிற மாதிரி, சௌராஷ்டிரத்தை அவசரமில்லாமல் இழுத்தார். ராஜகுருவின் வாய் திறந்தபடி நின்றது. அவர் எடுத்துக்கொடுக்காமல் தம்பி வாசித்த முதல் ராகம் அது.

இந்து காதிலிருந்து கையை எடுத்தாள். நிமிர்ந்தாள். நேராக அம்மாவிடம் வந்து, அவள் வலது கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டும் பிடித்து இழுத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே, கால் நீட்டிப் படுத்திருந்தவர்களைத் தாண்டி, வாசல் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். அந்த இரண்டு விரலையும் தூக்கித் தாப்பாளின் மேல் வைத்தாள்.

எந்த விரல் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே விரல்தான் போடும் என்பதும் தெரியும்.

ரங்கநாயகிக்கு உயிர் வந்துவிட்டது.

"பாத்தீகளா எல்லாரும்?" என்று எழுந்து நின்றாள். "சொன்னது நானாவே இருக்கட்டும். போட்டது யாருன்னு பெத்த பிள்ளையே காட்டிக் குடுத்துருச்சுல்ல? இதையும் எழுதிக்கங்க தம்பி!"

உமர் பாரூக் எழுதிக்கொண்டார்.

வித்யாஸ்ரீ சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பாதிப்பேருக்குப் புரியாமல் போயிருக்கும். அவள் தமிழில் சொன்னாள்.

"ஆமா, நாந்தேன் போட்டேன். மூணு வருசமா இந்தக் கைதேன் போட்டுச்சு. அதுக்கு எனக்கு என்ன பேரு வேணும்னாலும் வைங்க, வாங்கிக்கிறேன். ஆனா இனிமே அந்த வீட்டுல ஒரு தாப்பா போடணும்னா, அது ஒங்க வாய்க்குத்தாங்கா!"

சொல்லிவிட்டுத் தாப்பாளைத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது. இந்து ஒரு தரம் வெளியே எட்டிப் பார்த்தாள். திறந்தது என்று தெரிந்ததும், வழக்கப்படி திரும்பிச் சுருதிப்பெட்டியைப் பார்த்து ஓடினாள்.

மங்களம் முடிந்தது. ராஜகுரு அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார்.

"மங்களம் ஆச்சு. இதுக்கு மேல உக்காந்திருக்கிறவன் வித்வான் இல்லை. எந்திரிடா."

துளசிராம் எழவில்லை.

"எந்திரிங்கிறேன். கேக்குதா?"

"சுருதி பாத்துக்கிட்டு இருக்கேண்ணே" என்றார் துளசிராம்.

வித்யாஸ்ரீ சிரித்துவிட்டாள். அந்த நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். ராஜகுரு முன்னாலும் ரங்கநாயகி மெத்தையோடு பின்னாலும் போய்க் காரில் ஏறினார்கள். போன வேகத்தில் சுருதிப்பெட்டியை மறந்துவிட்டார்கள்.

மங்களத்துக்குப் பிறகு நடக்கக் கூடாத கச்சேரி அதற்குப் பிறகுதான் நடந்தது. சிவனாண்டி மகன் ஆடுவதை நிறுத்தி, "ரயிலு" என்றான். துளசிராம் யோசித்தார். சோழவந்தான் ஸ்டேஷனுக்குள் நுழைகிற வண்டியை வயலினில் கொண்டுவந்தார், தூரத்தில் ஊதி, நெருங்கி, பிரேக்கில் கிறீச்சிட்டு. கண்ணுச்சாமி தன் தோள் துண்டை எடுத்து மிருதங்கத்தின் மேல் தானே போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் தடதடப்பைப் பிடித்தார். வாடிப்பட்டிச் சிறுமி ஐஸ்வண்டி ஹாரன் கேட்டது. அதுவும் வந்தது. எல்லாக் கைகளும் தலைக்கு மேலே ஆடின. "டிபன் இல்லாட்டியும் பரவால்ல" என்றார் சிவனாண்டி.

பட்டுப்பாவாடை ஒரு நாற்காலியில் கிடந்தது. பருத்திப் பாவாடையோடு இந்து சுருதிப்பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். ஒருத்தரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் ராஜகுரு ஈஸிசேரில் கண்ணை மூடிக் கிடந்தார். ரங்கநாயகி பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது நம் தெருவில் கரண்டு போன மாதிரி. துளசிராம் வயலினையும் சுருதிப்பெட்டியையும் தோளில் மாட்டியபடி, கழற்றி வைக்கவா வேண்டாமா என்று நடைவாசலிலேயே நின்றார். இந்து தன் டம்ளர் மூடியைத் தேடி எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தாள்.

வித்யாஸ்ரீ நேராகப் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள். வைக்கிற இடத்தில் இல்லை. கையாலேயே பிடுங்கிவிடலாம் என்று மாடிக்குப் போனாள்.

தாப்பாள் இல்லை.

கதவில் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளும், வர்ணம் படாத ஒரு வெளிறிய பட்டையும் இருந்தன. கீழே தரையில் புதிதாக உதிர்ந்த மரத்தூள். பஸ்ஸுக்கு முன்னால் கார் வந்து சேர்ந்திருக்கிறது.

அவள் அங்கேயே நிற்கும்போது வாசலில் குரல் கேட்டது. "சார் இருக்காங்களா? பேப்பர்லருந்து வாரேன்."

உமர் பாரூக்.

மூடி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. இந்து எழுந்தாள். படியேறி வந்தாள். அம்மாவைத் தாண்டி அறைக்குள் போய், வாசற்படிக்கு உட்பக்கம் கால்விரல்களை வரிசையாக ஒட்டி வைத்து நின்றுகொண்டாள்.

கீழே ரங்கநாயகிக்குக் குரல் திரும்பிவிட்டது. "வாங்க தம்பி, வாங்க! காப்பி சாப்புடுறீகளா? என்னது, தாப்பாவா? எந்தத் தாப்பா? ஒங்க கண்ணாலயே வந்து பாருங்க. எங்க மாடியறைக்குத் தாப்பாவே கெடையாது! பெத்தவ ஏதோ வெறியில ஒளறுனா, அம்புட்டுத்தான்."

அவரை முன்னால் விட்டு அவளே பின்னால் படியேறி வந்தாள். உமர் பாரூக் கதவைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்த்தார். உண்மைதான், தாப்பாள் இல்லை. ஓட்டைகளை அவர் தடவிப் பார்ப்பதற்குள், "அது பழைய கொக்கி இருந்த எடம் தம்பி" என்று ரங்கநாயகி முந்திக்கொண்டாள். அவர் எழுதப்போனார். ரங்கநாயகி முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள்.

"பாப்பா, வெளிய வாம்மா" என்றார் அவர் மரியாதைக்கு.

இந்து வரவில்லை.

தன்னைக் கண்டு பயப்படுகிறாளோ என்று அவர் நாலடி தள்ளி நின்றார். வரவில்லை. வித்யாஸ்ரீ கையை நீட்டி, "வா இந்து" என்றாள். இந்து அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு தாப்பாள் இருந்த இடத்தைப் பார்த்தாள். கால் நகரவில்லை. தலையைச் சாய்த்து, கீழே ராஜகுரு பாடுகிற கூடத்தின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

உமர் பாரூக் பேனாவை மூடவில்லை. "கதவு தொறந்துதானேம்மா இருக்கு? தாப்பாவும் இல்லைங்கிறீங்க. அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?"

ரங்கநாயகி மாடிப்படியிலிருந்து கீழே கணவரை எட்டிப் பார்த்தாள். துளசிராம் நடைவாசலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஜெயக்கொடி அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து நின்றாள்.

ஈஸிசேரிலிருந்து ராஜகுரு எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

பேசுவதற்கா, பாடுவதற்கா?